மதத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி? குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதம் யாராவது ஒரு பிள்ளை என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும். "மிஸ், பிராஜெக்டுக்குத் தலைப்பு எடுத்துட்டேன்." என்ன தலைப்பு என்று கேட்டால் சுற்றிச் சுற்றி இதுவாகத்தான் இருக்கும்: "அறிவியல், குடும்பம், சமூகம் ஆகியவற்றில் மதத்தின் பங்கு." நாகர்கோவிலில் நான் சமூகவியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி 22 வருடம் ஆகிறது. இந்தத் தலைப்பு வராத வருடமே கிடையாது.

வராமல் எப்படி இருக்கும்? சிலுவை வைத்த சிறு கோயிலான குருசடி, இசக்கியம்மன் கோயில், அய்யாவழிக்காரர் கும்பிடும் நிழல் தாங்கல், பள்ளிவாசல் எல்லாவற்றையும் தாண்டித்தான் நம்மில் பலர் பள்ளிக்கூடம் போனோம். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 18,70,374 பேர். அதில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. படித்தவர்கள் 91.75 சதவீதம். இந்த எண்களை எல்லாப் பிள்ளைகளும் முதல் பக்கத்தில் எழுதிவிடுவார்கள். எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கணக்கெடுக்க வருகிறவர் ஒரு ஆளுக்கு ஒரு மதம்தான் எழுதிக்கொள்வார். என் அப்பா வீட்டார் அய்யாவழி, அதாவது அய்யா வைகுண்டரைப் பின்பற்றுகிறவர்கள். அம்மா வீட்டார் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் திருச்சபை. அப்பாவைப் பெற்ற பாட்டி ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்குப் போவாள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கோட்டாறு கத்தோலிக்கக் கோயில் சவேரியாருக்கு நேர்ந்துகொள்வாள். கணக்கெடுப்பில் அவள் வெறும் "இந்து". உங்கள் ஆய்வு அந்த ஒரு சொல்லுக்குள் நுழைய வேண்டும்.

அதற்கு முதல் வேலை, தலைப்பை உடைப்பது. "மதம் அறிவியலுக்குத் துணையா, தடையா?" என்ற கேள்விக்குப் பட்டிமன்றத்தில் பதில் சொல்லலாம், ஆய்வில் முடியாது. எந்த மதம், யார் வீட்டில், எந்த வருடம், எந்தக் காரியத்தில் என்ற நான்கையும் கேளுங்கள். நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் தலைப்பு இன்னும் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இதைச் செய்யவே மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று வாரத்தை வீண் என்று நினைக்கவே கூடாது.

அறிவியல் பக்கத்திலிருந்து வருகிறேன். பத்தில் ஒன்பது பேர் கலிலியோவில் தொடங்குவார்கள். 1633ல் விசாரணை, தண்டனை, ஆகவே மதமும் அறிவியலும் எதிரிகள் என்று அடுத்த பத்தியிலேயே முடிவு. இந்தக் கதையை இப்படிப் பரப்பியதில் இருவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1874ல் புத்தகம் எழுதிய ஜான் வில்லியம் டிரேப்பர் ஒருவர், 1896ல் எழுதிய ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் இன்னொருவர். இன்றைய அறிவியல் வரலாற்றாளர்கள் அந்தச் சண்டைச் சித்திரத்தை அப்படியே ஏற்பதில்லை. கலிலியோ கடைசிவரை கத்தோலிக்கர், அவருடைய இரண்டு மகள்களும் கன்னியர் மடத்தில் இருந்தவர்கள். 1991ல் அறிவியல் வரலாற்றாளர் ஜான் ஹெட்லி புரூக் சொன்னது எனக்குப் பிடிக்கும்: மதத்துக்கும் அறிவியலுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே உறவு என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு சம்பவத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். இயன் பார்பர் இந்த உறவுகளை நான்காகப் பிரித்தார்: மோதல், அவரவர் வழி, உரையாடல், இணைவு. தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1997ல் இரண்டுக்கும் தனித்தனி எல்லை உண்டு என்றார். உலகம் எப்படி இயங்குகிறது என்பது அறிவியலுக்கு, வாழ்வின் பொருளும் அறமும் மதத்துக்கு.

சரி, இவ்வளவும் படித்தாயிற்று. இதை அப்படியே எழுதி, கீழே முடிவுரை போட்டுவிடாதீர்கள். ஒரு ஆளைத் தேடிப் போங்கள்.

நம் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. நெய்யூரில் லண்டன் மிஷன் 1838ல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த ஹோவார்டு சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர், முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூர் வந்தார். அங்கே குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, தன் வேலை இங்கேதான் என்று முடிவு செய்து பல ஆண்டுகள் தங்கினார். அவரை நெய்யூருக்கு இழுத்தது மத நம்பிக்கை. அங்கே கையில் எடுத்தது கத்தி. மோதல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவர் அடங்கமாட்டார்.

என் அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மை, இந்த மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 34 வருடம் நர்ஸ். இப்போது 84 வயது, கருங்கல் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். போன வருடம் ஒரு மாணவியை அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். கருப்பட்டி போட்ட கட்டன் சாயா வந்தது. பிள்ளை நோட்டைத் திறந்து, எழுதி வைத்திருந்த முதல் கேள்வியைக் கேட்டது: "பாட்டி, மதமும் அறிவியலும் ஒத்துப்போகுமா?"

பெரியம்மை என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "அதெல்லாம் பாதிரியார்கிட்ட கேக்கணும் மக்ளே" என்று சொல்லிவிட்டுச் சாயாவைக் குடித்தாள். பேட்டி அத்தோடு முடிந்திருக்கும்.

நான் கேட்டேன்: "பெரியம்மை, ஆபரேஷன் நாளில் காலையில எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போனா முதல் வேலை என்ன?"

அதற்கு ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னாள். பிரைமஸ் ஸ்டவ்வைப் பற்றவைப்பது, அதன் இரைச்சல், எவர்சில்வர் பாத்திரத்தில் கத்தியும் இடுக்கியும் போட்டு மூழ்க மூழ்கத் தண்ணீர் விடுவது, கண்ணாடி சிரிஞ்சை மட்டும் துணியில் சுற்றிப் போடுவது, இல்லையென்றால் கொதியில் மோதி விரிசல் விழும். டாக்டர் வந்து தொப்பி கட்டியதும் எல்லோரும் நிற்பார்கள், ஒருவர் ஜெபம் சொல்வார். மேஜையில் கிடப்பவர் யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். ஒருமுறை ஒரு பெரியவர் ஜெபம் முடிகிற இடத்தில் "முருகா" என்று சத்தமாகச் சொன்னாராம். டாக்டர் அதற்கும் சேர்த்து ஆமென் சொன்னாராம்.

அப்புறம் பெரியம்மை சொன்னதுதான் அந்த மாணவியின் ஆய்வுக்கே முதுகெலும்பாக நின்றது. "தண்ணி கொதிச்சுக்கிட்டு கெடக்கும்போதுதான் ஜெபம். ஜெபம் முடிஞ்சாச்சேன்னு பாத்திரத்தை இறக்கக் கூடாது. மணி பாத்துதான் இறக்கணும். இருவது நிமிசம்."

வெளியே வந்ததும் பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மிஸ், இது கூல்ட் சொன்னதேதான். கிருமி கடிகாரத்துக்கு, மனசு ஜெபத்துக்கு." பாதி சரி. நான் பதிவை மறுபடி கேட்கச் சொன்னேன். கொஞ்சம் தள்ளி பெரியம்மை இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: "ஜெபம் இல்லேன்னா கை நடுங்கும் மக்ளே. நடுங்குற கையில கத்தியைக் குடுக்க முடியுமா?" அப்படியானால் ஜெபம் தன் எல்லைக்குள் மட்டும் நிற்கவில்லை, கத்தி பிடித்த கைவரைக்கும் வந்திருக்கிறது. கூல்டின் கோடு இந்த இடத்தில் அழிகிறது. அது அழிகிற இடத்தைத்தான் எழுத வேண்டும். அறிஞர் சொன்னது பொருந்துகிறது என்று காட்ட உங்கள் ஆய்வு தேவையில்லை, அவர் பொருந்துவதைத் தானே காட்டிவிட்டார். எங்கே பொருந்தாமல் துருத்துகிறது என்று நம் ஊரிலிருந்து நீங்கள்தான் சொல்ல முடியும்.

இதிலிருந்து கேள்வி கேட்கும் முறை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கருத்தைக் கேட்காதீர்கள், காரியத்தைக் கேளுங்கள். "நம்பிக்கை பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்றால் யாரும் மேடையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள். "அன்றைக்குக் காலையில் என்ன செய்தீர்கள்" என்றால் கைகள் அசைய ஆரம்பிக்கும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பேரைப் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் ஊர்ப் பேரையும் மாற்றுங்கள், ஏனென்றால் நம் ஊர்களில் ஊரும் வேலையும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

குடும்பம் பற்றி எழுதுகிறவர்கள் நூலகத்துக்கு முன்னால் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைகள், ஞானஸ்நானச் சான்று, பத்திரத்தின் பழைய நகல். 1950களின் பத்திரிகையையும் இன்றைய பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யார் பேர் முதலில் வருகிறது, தாய்மாமன் எங்கே நிற்கிறார், பெண்ணின் படிப்பு எந்த வருடத்திலிருந்து அச்சாகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள்.

பத்திரத்துக்கு வந்தால், சொத்து யாருக்குப் போனது என்று பாருங்கள். இதில் நாஞ்சில் நாடு ஒரு அருமையான சோதனைச்சாலை. இங்கே வேளாளரில் மக்கள்வழியும் உண்டு, மருமக்கள்வழியும் உண்டு. இரண்டு வீட்டாரும் கும்பிடுவது சுசீந்திரம் கோயிலின் ஒரே தாணுமாலயனை. ஒரு வீட்டில் அப்பன் சொத்து மகனுக்கு. இன்னொரு வீட்டில் மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு. மனைவிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று ஒரு பங்கு ஒதுக்குவதோடு சரி. அதை வாங்க நடந்த வழக்குகளில் குடும்பங்கள் அழிந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த வேதனையை மருமக்கள்வழி மான்மியத்தில் ஒரு மனைவியின் குரலில் பாடினார். 1926ல் திருவிதாங்கூர் சட்டம் போட்டு அந்த முறையை முடித்தது.

இப்போது "மதம்தான் குடும்பத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது" என்று எழுதப் போகிறவர் இந்த இரண்டு வீட்டையும் எப்படி விளக்குவார்? சாமி ஒன்று, திருவிழா ஒன்று, வாரிசு மட்டும் வேறு. ஆக அங்கே அரசாட்சியும் நிலமும் பக்கத்து மலையாள வழக்கமும் வேலை செய்திருக்கின்றன. ஒரே மதம் இருந்து குடும்பம் மாறுகிற இடத்தையும், மதம் மாறியும் குடும்பம் மாறாத இடத்தையும் தேடிப் பிடியுங்கள். அப்போதுதான் மதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கல்பனா ராம் நம் மாவட்டத்து முக்குவர் என்ற மீனவச் சமூகத்துப் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1991லேயே வந்துவிட்டது. கத்தோலிக்கக் கிராமங்களில் பெண்களின் உழைப்பு, பணம், உடல் எல்லாவற்றையும் அங்கேயே தங்கிப் பார்த்து எழுதினார். அதை எடுத்துக்கொண்டுபோய் உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். "இது இப்ப இல்லை" என்று அவர் எந்தப் பக்கத்தில் சொல்கிறாரோ அங்கே உங்கள் ஆய்வு தொடங்குகிறது.

சமூகம் என்று வரும்போது சமூகவியலாளர் மாக்ஸ் வேபரை எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். 1904, 1905ல் அவர் எழுதியது: புராட்டஸ்டன்ட் மார்க்கத்தின் ஒரு பிரிவினரிடம் இருந்த சிக்கனமும் கடும் உழைப்பும் முதலாளித்துவ மனப்பான்மைக்கு உரமானது. உடனே நம் பிள்ளைகள், 1806ல் மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார், பள்ளிக்கூடம் வந்தது, நாடார்கள் முன்னேறினார்கள், வேபர் சொன்னது நிரூபணம் ஆகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். ஆரல்வாய்மொழியைத் தாண்டி விருதுநகர், சிவகாசிப் பக்கம் போனால் அதே சமூகத்தார் இந்துக்களாகவே இருந்து பெரிய வணிகர்களானார்கள். உறவின்முறை என்ற சாதிச் சங்கம் வைத்து, சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, அந்தப் பொதுப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969ல் வெளியிட்ட ஆய்வில் இது விரிவாக இருக்கிறது. அப்படியானால் மிஷன் எதைக் கொடுத்தது, எதை மக்களே தேடிக்கொண்டார்கள்? இந்தக் கேள்வியோடு போனால் மயிலாடி உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

மிஷன் அறிக்கைகளை வாசிக்கும்போது, அது யாருக்கு எழுதப்பட்டது என்று பென்சிலால் மேலே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வெற்றி கொஞ்சம் கூடத்தான் இருக்கும். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் நல்ல உதாரணம். 1822 முதல் 1859 வரை இழுத்த அந்தப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26ல் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வந்தது. பல கட்டுரைகளில் "உரிமை கிடைத்தது" என்று ஒரே வரியில் இருக்கும். அறிவிப்பை எடுத்து வாசியுங்கள். மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று அதிலேயே தடை இருக்கிறது. மிஷன் கடிதம், அரசு அறிவிப்பு, வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் படம் முழுசாகும்.

சமூகவியலாளர் துர்க்கைம் என் மனசுக்கு நெருக்கமானவர், அதனால் அவரிடம் எச்சரிக்கையாகவும் இருப்பேன். 1912ல் அவர் சொன்னது, மக்கள் வணங்கும் புனிதத்தில் அவர்களுடைய சமூகமே உருவெடுத்து நிற்கிறது என்பது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றி எழுதினார், அங்கே போகாமலே எழுதினார். அய்யாவழியின் தலைமைப் பதி இருக்கும் சுவாமித்தோப்பு நமக்குப் பேருந்தில் அரை மணி நேரம்தான்.

ஒரு மாணவி போனாள். பள்ளியறை என்ற கருவறையில் சிலை இல்லை, நிலைக்கண்ணாடி, முன்னால் விளக்கு. அவளுக்குத் துர்க்கைம் நினைவுக்கு வந்து மெய்சிலிர்த்துவிட்டது: சமூகம் தன்னையே கும்பிடுகிறது, கண்ணாடியே சாட்சி! நான் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, "அங்கே இருக்கிறவங்ககிட்ட கேட்டியா?" என்று எழுதினேன். மறுபடி போனாள். ஒரு தாத்தா தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டே சொன்னாராம்: "எங்க தாத்தன் காலத்துல இந்தத் துணியைத் தலையில கட்ட விடமாட்டானுவ மக்கா. இப்ப நான் கட்டிக்கிட்டு கண்ணாடியில பாக்கேன். அய்யா எங்க இருக்காருன்னு அப்பத் தெரியும்."

அந்தத் தாத்தா பார்ப்பது பொத்தாம்பொதுவான சமூகத்தை இல்லை. அவமானப்படுத்தப்பட்ட ஒரு தலை, தலைப்பாகையோடு நிமிர்ந்து தெரிகிறது. அய்யா வைகுண்டர் சுவாமித்தோப்பில் வாழ்ந்தது, எந்தச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டியது, அரசு அவரைப் பிடித்துச் சிறை வைத்தது எல்லாம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் அவர்கள் சொல்லும் அர்த்தம், அதற்குப் பிறகு நம் கோட்பாடு. இந்த வரிசையை மாற்றினால் கட்டுரை அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும்.

சமூகவியலாளர் பீட்டர் பெர்கரையும் ஒரு பக்கம் வாசியுங்கள். நவீன காலத்தில் மதம் தேய்ந்துவிடும் என்று 1960களில் எழுதிய பெரிய ஆள். 1999ல் தானே பதிப்பித்த புத்தகத்தில், நாங்கள் நினைத்தது தவறு என்று எழுதினார். அவர் நம் மாவட்டத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தால் இன்னும் முன்னாலேயே எழுதியிருப்பார் என்று வகுப்பில் சொல்வேன். 91.75 சதவீதம் படிப்பும், ஞாயிற்றுக்கிழமை நிரம்பும் கோயில்களும் இங்கே ஒன்றாகத்தான் இருக்கின்றன. மதம் மாறவே மாறாது என்று இன்னொரு பக்கம் நினைக்கிறவர்கள் சிதறால் மலை ஏறிப் பாருங்கள். பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள், அதே இடத்தில் பகவதி கோயில்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மதம் மக்களைச் சேர்க்கிறது என்று எழுதும்போது, யாரிடமிருந்து பிரித்துச் சேர்க்கிறது என்றும் கேளுங்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த இந்து, கிறிஸ்தவக் கலவரத்தை அனுபவித்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். என் மாணவன் ஒருவன் ஒரு வீட்டில் உட்கார்ந்ததும், "அப்போ நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டான். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார், திரும்பி வரவில்லை. அவனை நான் பயிற்சி கொடுக்காமல் அனுப்பியிருந்தேன், பிழை என்னுடையது. அந்த நாட்களைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் பழகிய பிறகு, மூன்றாவது நான்காவது முறை போகும்போது, அவர்களாகத் தொடங்கினால் மட்டும் கேளுங்கள். "அந்த மாசம் மீன் எங்கே வாங்கினீங்க, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எப்படிப் போச்சு" என்பது போதும். சொல்ல விரும்பினால் அதிலிருந்தே சொல்வார்கள். சொல்லாவிட்டால் நோட்டை மூடிவிட்டு, கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு வாருங்கள்.

எழுதி முடித்ததும் என்னிடம் கொண்டுவருவதற்கு முன்னால், பேட்டி கொடுத்தவர்களிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். இது என் மாணவர்களுக்குக் கட்டாயம். கருங்கலுக்கு மறுபடி போனோம். பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தது, பார்பர், கூல்ட் எல்லாம் சேர்த்து. பெரியம்மை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெபம் வந்த இடத்தில் தலையாட்டினாள். "இருபது நிமிடம்" என்று வாசித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இருவது நிமிசம் தண்ணி கொதிக்க ஆரம்பிச்ச பெறகு. அடுப்புல வச்சதுலயிருந்து இல்லை. அதைச் சரியா எழுது மக்ளே, நாளைக்கு யாராவது வாசிச்சிட்டு சீக்கிரம் இறக்கிரப் போறா."

பிள்ளை அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்தியது.